பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு ஜப்பான்காரர்

என் பேத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காம்பரா வீட்டில் ஒரு ஜப்பான்காரரால் பெரிய ரகளை. அவர் நேரில் வரவில்லை. இலங்கையில் நோர்வூட் என்று ஓர் ஊர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கேசரி ஆறிப்போனதற்கு அவர்தான் காரணம்.

அந்த மனுசனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலை உயர ரோபோக்கள் சண்டை போடும் தொடர்களை எடுக்கிற இயக்குநர். அதைக் கார்ட்டூன் என்று சொன்னால் பேத்திக்குக் கோபம் வரும். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். ஹட்டனில் போட்டோ கொப்பி எடுக்கிற கடையில் அவளுக்கு வேலை. பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் என் போர்வைக்குள் நுழைந்து ஃபோனைத் திறப்பாள். படத்தில் ஜப்பான் பேச்சு, அடியில் இங்கிலீஷ் எழுத்து. எனக்கோ தமிழ் எழுத்தே பாதிதான் பழக்கம். மீதியைப் படிப்பதற்குள் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவள் படித்துத் தமிழில் சொல்வாள், நான் பார்ப்பேன். மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் வேலை.

அந்த ஆள் தொடக்கத்தில் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் சொன்னபடியே எடுத்துக்கொண்டிருந்தாராம். ரோபோவுக்குக் கை போனால் அடுத்த வாரம் புதுக் கை முளைத்திருக்கும். அப்புறம் தன் இஷ்டத்துக்கு ஒரு தொடர் எடுத்தார். அதில் ரோபோ பாதி நாள் பட்டறையில் படுத்துக் கிடக்கும். எண்ணெய் ஒழுகும், சாமான் கிடைக்காது, ஓட்டுகிற பையனுக்குக் கால் நடுங்கும். பழுது பார்க்க ஒரு பொம்பளை. கட்டையாக, வாய் நீளமாக இருப்பாள். சாடையில் கொஞ்சம் என்னைப் போலவே. கதாநாயகி அவள்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கடைசிப் பாகத்தில் ரோபோ நெருப்புக்குள் நடந்து போகும், திரை வெள்ளையாகும், அவ்வளவுதான். எரிந்ததா, தப்பித்ததா என்று சொல்லவே மாட்டார். இதற்காகப் பாதி சனம் அவரைக் கும்பிட்டதாம், பாதி சனம் காறித் துப்பியதாம். ரொம்ப வருசம் காணாமல் போயிருந்து, திரும்பி வந்து அதே முடிவை வேறு மாதிரி ஒரு படமாக எடுத்தார். அதற்கு இரண்டு பக்கமும் சேர்ந்து துப்பியதாகக் கேள்வி.

இனி மாப்பிள்ளைக் கதை. அதற்கு முன்பு வந்தவர்களையெல்லாம் பேத்தி வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். அவளுக்கு ஒரு பழக்கம். வந்தவனிடம் எதையாவது ஏறுக்குமாறாகச் சொல்லி ஆழம் பார்ப்பாள். "எனக்குச் சமையல் வராது" என்பாள். "உங்க இஷ்டம்ங்க" என்பான். "கூரை மேலதான் தூங்குவேன்" என்பாள். அதற்கும் "உங்க இஷ்டம்ங்க" என்பான்.

"அப்பாயி, செவுத்துல இருக்கிற பல்லிகூட எதுத்து உச்சுக் கொட்டுது. இவனுங்களுக்கு அதுகூட வரல" என்று என்னிடம் வந்து புலம்புவாள்.

என் மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. "இதுவும் தட்டிப்போனா எங்கண்ணன் மகனுக்குப் பேசி முடிச்சுருவேன்" என்றாள். கொழும்பில் கடை வைத்திருக்கிற அந்தப் பையனை எனக்குத் தெரியும். ஃபோனை எடுத்தால் ஹலோ என்பதற்குப் பதில் 'சரிங்க' என்பான். அதைக் கேட்டதும் பேத்தி சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அம்மா சொன்னால் செய்துவிடுவாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கொட்டகலைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வேனில் வந்தான். கூட அவன் அம்மாவும் தாய்மாமனும். பையனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் மின்சார வேலை. உட்கார்ந்ததும் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான். அதில் விரல் நீளத்துக்கு ஒரு ரோபோ தொங்கியது. பேத்தி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டியவள் சாவியைப் பார்த்தாள்.

"இது அந்தப் பட்டறை ரோபோதானே?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களும் பாப்பீங்களா?"

"அவரு எடுத்தது அத்தனையும் பாத்துட்டேன். அவரப் போல இன்னொருத்தர் இல்ல."

"ரோபோ அருமைங்க. ஆனா அந்தாளு கடைசியில எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டாரே."

தட்டு மேசையில் டக்கென்று உட்கார்ந்தது.

"யாரு? என்னத்த நாசம் பண்ணுனாரு?" என்று பையனின் அம்மா பதறிப்போய் என் மருமகளைக் கேட்டாள்.

"எங்க சொந்தத்துல இல்லீங்க" என்று மருமகள் அவசரமாகச் சொன்னாள்.

பேத்தி நின்றபடியே தொடங்கிவிட்டாள். "அவருக்கு முந்தி எந்தத் தொடர்லயாவது பட்டறையக் காட்டுனாங்களா? இன்னைக்கு எல்லா ரோபோ தொடர்லயும் ஒருத்தி ஸ்பானரோட நிக்கிறா. அது யாரு போட்ட பாதை?"

"பாதை போட்டாருதான். அதுலதான் எல்லாரும் வழுக்கி விழுந்தாங்க. இவரு ஒரு தடவ அழ வச்சாரு, நல்லா இருந்துச்சு. பின்னாடி வந்தவங்க அழுகைய மட்டும் எடுத்துக்கிட்டாங்க. இப்பல்லாம் ரோபோவ ஸ்டார்ட் பண்றதுக்கே மூணு பாகம் அழுவுறாங்க. மெஷின்னா ஓடணும்ங்க."

"மத்தவங்க கொப்பி அடிச்சா அவரா பொறுப்பு?"

"சரி, அந்த முடிவுக்கு யாரு பொறுப்பு? எரிஞ்சுதா இல்லையான்னு சொல்ல ஒரு தைரியம் வேணாமா?"

"எரிஞ்சுது. அதுகூடவா வெளங்கல?"

"எரியல. திரை வெள்ளையானப்புறம் காலடிச் சத்தம் கேக்குது. காதுல என்ன வச்சிருந்தீங்க?"

மாமன்காரர் கடித்த வடையைத் தட்டில் வைத்தார். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாசி மாதம் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்ததில் மன்மதன் சாம்பலாகிவிட்டான் என்று ஒரு கட்சி பாடும், இல்லவே இல்லை என்று மறு கட்சி பாடும். எரிந்த கட்சி, எரியாத கட்சி. தப்பு மேளச் சத்தத்தோடு கேள்விமேல் கேள்வி பறக்கும்.

"அக்கா, எங்க தோட்டத்துல நான் எரியாத கட்சிக்குப் பாடுனவன்" என்றார் மாமன் என்னிடம்.

"எங்கப்பா எரிஞ்ச கட்சிக்குத் தப்படிச்சவரு. ஒங்க ஆளுங்க பதில் தெரியாம ஓடுனதெல்லாம் சொல்லியிருக்காரு."

"யாரு ஓடுனது? ஒன்னுக்குப் போனவன ஓடுனான்னு சொல்லக்கூடாது."

"சரி, கட்சி கட்டியாச்சு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம எதிர்க்கேள்வி கேக்கப்படாது. தம்பி, தொடங்குங்க" என்று பேத்தி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் நானே எரிந்திருக்க வேண்டும்.

"எரிஞ்சிருந்தா எரியிறத காட்டியிருப்பாருங்க" என்றான் பையன். "பட்டறை அக்கா செத்தத எவ்வளவு நேரம் காட்டுனாரு?"

"யாரு செத்தது?" என்றேன் நான்.

"அந்த மெக்கானிக் அக்காதான் பாட்டி. பாதியிலேயே செத்துட்டாங்களே."

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

"லீவுல ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னியேடி!"

"ஒனக்குப் பிரசர் இருக்கேன்னுதான் அந்தப் பாகத்தக் காட்டாம விட்டேன் அப்பாயி..."

"அவ இப்ப வருவா, அப்ப வருவான்னு நான் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். இனி நான் எரியாத கட்சி. மாமங்காரரே, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."

எல்லோரும் சிரித்தார்கள், பையனின் அம்மாவைத் தவிர. இவன் வாயால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். மகனை முழங்கையால் விலாவில் ஓர் இடி இடித்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"சரிங்க. நீங்க சொல்றதுதான் சரி. எரிஞ்சுதான் போச்சு. நல்ல டைரக்டர்தான்."

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேத்தி மட்டும் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அந்த முதுகு எனக்குப் பழக்கமான முதுகு. வந்தவனெல்லாம் 'உங்க இஷ்டம்' என்று சொன்னபோது திரும்பிய முதுகு. கொழும்பு 'சரிங்க' என் கண்முன் வந்து நின்றான்.

"என்ன தம்பி, இப்படிக் கட்சி மாறிட்டீங்க?" என்றேன். "இப்பத்தான் ஒங்கள நம்பி வந்தேன். என்னையும் மாமனையும் வச்சு எரியாத கட்சி எப்படி நடக்கும்? எங்களுக்கு இங்கிலீஷ் படிக்கவும் தெரியாது, ஜப்பான் பேசவும் வராது."

அவன் சாவியை ஒரு திருகு திருகினான். பிறகு எழுந்துபோய்க் குசினி வாசலில் நின்றான்.

"ஏங்க, நான் சும்மா சொன்னேன். எரியல. அவரு பெரிய ஆளுதான், ஆனா தொடங்குனத முடிக்கத் தெரியாதவரு. எங்கம்மா முழங்கையால இடிச்சாங்க, அதான் வாய் மாறிப் போச்சு."

"டேய்!" என்றாள் அம்மா.

உள்ளே கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது.

"அந்தச் சத்தம் ரோபோ காலுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று குரல் மட்டும் வந்தது.

"அதுக்கு வலது கால் ரிப்பேர். ஒரு அடி கனமா விழும், அடுத்தது இழுத்துக்கிட்டு விழும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஃபோனோடு வந்தாள். ஒரே இயர்ஃபோனில் ஒரு முனை அவள் காதில், மறுமுனை அவன் காதில். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்.

"இது மழைச் சத்தம்" என்றாள் அவள்.

"மழை நொண்டுமாங்க?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கீழே ரோட்டில் வேன்காரன் ஹோர்ன் அடித்தான். பையனின் அம்மா எழுந்துவிட்டாள்.

"அது எரியட்டும், எரியாமப் போவட்டும். புள்ளைக்குச் சம்மதமா இல்லையா? அதச் சொல்லுங்க."

பேத்தி இயர்ஃபோனைக் கழற்றவில்லை.

"அவரப் பத்தி இவரு சொல்றது எதுவும் எனக்குச் சம்மதமில்ல. மத்ததுக்கெல்லாம் சம்மதம்."

"எனக்கும் அப்படியேதாங்க" என்றான் அவன்.

என் மருமகள் அழுதாள். மாமன்காரர், எரியாத கட்சிதான் ஜெயித்தது என்று என்னிடம் அடித்துப் பேசினார். என் கட்சியும் அதுவே என்பதால் நானும் மறுக்கவில்லை. வேன் வரைக்கும் போய் வழியனுப்பினோம். வேன் நகரத் தொடங்கியபோது பேத்தி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"அந்தக் கடைசிப் பாகத்த வீட்டுல போய் மறுபடி பாருங்க" என்றாள்.

"பாக்குறேன். பாத்துட்டும் இதத்தான் சொல்லுவேன்" என்றான்.