என் பெயரில் வந்த விருந்தினர்கள்

பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடத்தான் தாம்பரம் பக்கம் ஒரு கிளப்பில் மெம்பர் ஆனேன். அங்கே மாடியில் பார் உண்டு. குடிப்பது எங்களுக்கு ஹராம்; அதுவரை அந்தப் படியில் நான் கால் வைத்ததே இல்லை.

ஒருநாள் ஆட்டம் முடிந்து, புது அடையாள அட்டை வாங்க ஆபீசுக்குப் போனேன். கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். மேசைமேல் தடித்த ரிஜிஸ்டர் ஒன்று திறந்து கிடந்தது. அதில் என் மெம்பர் நம்பர். பக்கத்தில் என் பெயர், என் கையெழுத்து போலவே ஒரு கிறுக்கல், பிறகு ‘விருந்தினர் மூவர்’. முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம். பக்கங்களைப் புரட்டினால் இன்னும் நாலு இடத்தில் நான் இருந்தேன்.

கிளார்க் வந்ததும் முதல் வேலையாக ரிஜிஸ்டரை மூடினார். கேட்டதற்கு விதியைச் சொன்னார்: கிளப் லைசென்ஸில் மெம்பருக்குத்தான் ஊற்றலாம், வெளி ஆள் குடிக்க வேண்டுமென்றால் ஒரு மெம்பர் கூட்டிவந்து, கையெழுத்துப் போட்டு, கூடவே இருக்க வேண்டும்.

“அப்போ நான் கூட இருந்தேனா?”

“அப்படித்தானே சார் எழுதியிருக்கு.”

அவர் முகத்தில் எதுவும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து எல்லோர்மேலும் சந்தேகம். செயலாளர் வணக்கம் சொன்னால் ஏன் சொல்கிறார் என்று யோசித்தேன். என்னோடு ஜோடியாக ஆடுபவர் ரிட்டயரான பி.டி. வாத்தியார், ஆறு வருஷப் பழக்கம். போட்டிகளுக்கு இருவருக்கும் சேர்த்து விண்ணப்பம் கொடுப்பவர் அவர்தான். என் கையெழுத்தை அதிகம் பார்த்த கண்கள் அவருடையவை என்று தோன்றியதும், பந்தை அவருக்கு விடவே மனசு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்புக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்தேன். வாத்தியார் இரண்டு பேரோடு வந்து மாடி ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து நானும் ஏறினேன். வாசலில் இருந்த ரிஜிஸ்டரில் மை காயாமல் என் பெயர்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “கோவிச்சுக்காதீங்க பாய். மாசத்துக்கு இத்தனை பேரைத்தான் ஒரு மெம்பர் கூட்டியாரலாம்னு கிளப்ல ரூல். என்னுது முடிஞ்சிபோச்சு. உங்களுது சும்மாதானே கீது.”

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நான் கணக்குப் பார்ப்பதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு இறங்கினேன். படியடியில் எங்கள் தெருக்காரர் ஒருவர், யாரையோ இறக்கிவிட வந்தவர், என்னைப் பார்த்தார். நான் இறங்கிவந்த படியையும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டாள். “பார்ல இருந்து இறங்கி வந்தீங்களாமே?”

நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை செயலாளரிடம் போய், என் பெயரில் உள்ள வரிகளை அடித்துத் தரச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கலால் அதிகாரிகள் முதலில் கேட்பது அந்த ரிஜிஸ்டரைத்தானாம். அடித்தால் மெம்பர் இல்லாமல் வெளி ஆளுக்கு ஊற்றியதாக ஆகிவிடும், லைசென்ஸே போகும், அப்படியே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். அவருக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மேசைமேல் இருந்த ரிஜிஸ்டரை இழுத்து, பேனாவை எடுத்தேன். ஆறு இடத்திலும் ‘இது நான் இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, என் சொந்தக் கையெழுத்தையும் போட்டேன். அவர் தடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் போகவில்லை. இப்போது அட்டையைக் காட்டி, கிளார்க் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டால்தான் விருந்தினர் உள்ளே போகலாம். வாத்தியார் வேறு நேரத்தில் ஆடுகிறார். எதிரே வந்தால் இருவருமே போனைப் பார்க்கிறோம்.

வீட்டில்தான் தீரவில்லை. படங்களை மனைவியிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“நீங்க இல்லன்னு நீங்களேதானே எழுதியிருக்கீங்க” என்று போனைத் திருப்பித் தந்தாள்.