தவமணி அக்காவின் சிவப்புக் கோடு

"அக்கா போயிட்டா. இண்டைக்கே அடக்கம், மூணு மணிக்கு எடுக்கிறம்." தன்னாமுனையிலிருந்து தவமணி அக்காவின் தம்பி அழைத்துச் சொன்னபோது, ஆரையம்பதியில் எங்கள் கொட்டிலில் பாகற்காய் பாதி காய்ந்திருந்தது. முதல்நாள் மாலை அக்காவே சீவி, தட்டுகளில் பரப்பி, "விடிய நெருப்பை மூட்டு புள்ள, நான் வாறன்" என்று பஸ் ஏறியவர். நெஞ்சு நோய் பழையதுதான். அதற்காக இப்படியா?

அவருடன் சேர்ந்து மரக்கறி காயவைத்து விற்றவள் நான். விறகு நெருப்பில் சூடேறும் காற்றை விசிறி தட்டுகளுக்கு ஊதும் பெரிய பெட்டி எங்களுடையது. ஊரார் அதைப் பேக்கரி அடுப்பு மாதிரிப் போறணை என்றால் அக்காவுக்குக் கோபம் வரும். "பாண் சுடவா வெச்சிருக்கம்?" என்பார். இதை வாசிப்பவர்களில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குரல் இப்போதும் கேட்கும்.

தொடங்கிய வருடம் மாரியில், சீக்கிரம் முடிக்கவென்று அவரே விறகை அள்ளித் திணித்தார். வெப்பமானி முள் எண்பது பாகையைத் தொட்டது. மத்தியானமே காய் மொறுமொறுவென்றிருந்தது. இருவரும் சிரித்துச் சிரித்துப் பைகளில் அடைத்து மட்டக்களப்புக் கடைகளுக்குக் கொடுத்தோம். சில கிழமைகளில் எல்லாம் திரும்பி வந்தன. பைக்குள் வேர்வை, காயில் பூஞ்சணம். சூடு கூடியதால் வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது.

தென்னைக்கு அடியில் அவ்வளவையும் புதைத்துவிட்டு, அக்கா வெப்பமானியில் அறுபதுக்கு நேரே சிவப்புக் கடதாசி ஒன்றை ஒட்டினார்.

"குறைஞ்சாப் புளிக்கும், கூடினா மூடும். இந்தச் சிவப்பைத் தாண்டவிட்டியோ, செத்தாலும் எழும்பி வருவன், ஓம்!"

"அதுக்கெண்டே தாண்ட விடுவன்" என்று நான் சீண்டுவேன். அவர் அகப்பையை ஓங்குவார்.

செய்தி வந்த அன்றைக்கு நெருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். வானம் கறுத்திருந்தது. அந்த ஈரக் காற்றில் பாதி காய்ந்தது மாலைக்குள் கெட்டுவிடும். அவர் கை கடைசியாகத் தொட்ட காய் அது. குப்பையில் கொட்ட என்னால் முடியவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு ஓட நினைத்து விறகைத் திணித்தேன். முள் சிவப்பை நெருங்கியது. உடனே கொள்ளிகளை வெளியே இழுத்துப் போட்டேன். மூன்று மணிக்குத்தானே, நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காய்ந்ததும் நெருப்பை அணைத்துவிட்டு, புகை நாறும் சட்டையோடு ஓட்டோ பிடித்துப் போனேன். முற்றம் வெறிச்சென்றிருந்தது. மழைக்குப் பயந்து மூன்று மணிக்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். எங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வாசல் படலையடியில் நின்று, ஆண்கள் போன திசையைப் பார்த்துக் கத்தி அழுதேன். அவருடைய தம்பி மனைவி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்க நிண்டாய் புள்ள? எல்லாரும் கேட்டாங்க" என்றார். பாகற்காயோடு நின்றேன் என்று எந்த வாயால் சொல்வது?

காய் நன்றாகவே காய்ந்திருக்கிறது. ஒடித்தால் படக்கென்று ஒடிகிறது. அவ்வளவும் அழுகிப்போயிருந்தாலும் பரவாயில்லை, அந்த முகத்தை ஒருதரம் பார்த்திருப்பேன்.

அதில் ஒரு பையை விற்காமல் வைத்திருக்கிறேன். அந்தச் சிவப்புக் கடதாசியும் ஒட்டியபடியே இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் கொட்டிலைத் திறந்தேன். வெறும் தட்டுகளை அடுக்கி, நெருப்பை மூட்டி, கண்மண் தெரியாமல் விறகைத் திணித்தேன். முள் சிவப்பைத் தாண்டியது. எழுபதைத் தாண்டியது. எண்பதையும் தாண்டியது. வாசலைப் பார்த்தபடி விறகு தீரும்வரை நின்றேன்.

அக்கா வரவில்லை.