தட்டின் அடியில் இருந்த பெயர்

டி. கல்லுப்பட்டி சாலையோரம் ஒரு பழைய பாத்திரக் கடை. அண்டாக்களுக்கு நடுவே நீலப் பூப்போட்ட ஆறு பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. இங்கிலாந்துச் சரக்கு என்று பார்த்தவுடனே தெரிகிறது. வயதை அடிப்பக்கம்தான் சொல்ல வேண்டும். கம்பெனி முத்திரையோடு ‘இங்கிலாந்து’ என்று மட்டும் இருந்தால் நூறு வருடம் தாண்டியிருக்கலாம். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இதற்காகவே லென்ஸோடு மதுரையில் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

ஒன்றைத் திருப்புகிறேன். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பாக ஒரு வட்டம். ஆறிலும் அப்படியே.

“இதுல எழுத்து ஏதும் இருந்துச்சாண்ணே?”

“இருந்துச்சு. நான்தான் மிஷின் வச்சுத் தேச்சு எடுத்தேன்” என்கிறார் கடைக்காரர். “குடமோ அண்டாவோ, எது வந்தாலும் மொதல்ல பேரை அழிச்சிருவோம். அடுத்தவுக பேரு வெட்டுன பாத்திரத்தை யாரு வாங்குவா? இதை அழிக்கத்தான் அம்புட்டு நேரமாச்சு.”

லென்ஸைப் பைக்குள் போடுகிறேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிடுகிறது. பெயர் வெட்டும் மிஷினை எடுத்துக்கொண்டு ஒரு தட்டைக் கவிழ்க்கிறார்.

“உங்க பேரைச் சொல்லுங்க, சும்மாவே வெட்டித் தாரேன். இன்னைக்குத் தேதியும் போட்டுருவோமா?”

சொல்கிறேன். இனி அந்தத் தட்டின் வயதில் யாருக்கும் சந்தேகம் வராது.