மெர்டேக்கா லீவில் லூபோக் சீனா: மகளின் முதல் பால்குடம்

1996-இல் மெர்டேக்கா என்கிற எங்கள் சுதந்திர நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. என் மனைவி சரசு பிறந்து வளர்ந்தது லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே மாரியம்மன் திருவிழா மெர்டேக்கா நாளான ஆகஸ்டு 31-இல்தான் நடக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் ஃபேக்டரி, ஆபீஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்; எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது அன்றைக்குத்தான். அம்மனும் அதற்கு மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை. எங்கள் மகள் கவிதா சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது சரசு பால்குடம் நேர்ந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதாகிவிட்டது, இந்த ஆண்டு எடுத்தே ஆகவேண்டும் என்று கிள்ளானிலிருந்து காரில் கிளம்பினோம்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளையின் முதல் பால்குடத்தைத் தாய்மாமன் தூக்கித் தலையில் வைக்க வேண்டும். மாமன் இல்லையென்றால் பூசாரி வைப்பார். ஆனால் மாமன் உயிரோடு இருந்தும் வரவில்லை என்றால் ஊர் வாயை யார் மூடுவது? சரசுவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் அண்ணன் முனியாண்டி ஒருவர்தான். அவரைத்தான் அவள் போனில் அழைத்துவிட்டாள். வேலை இருக்கிறது, வரமுடியாது என்று சொல்லி வைத்துவிட்டார் மச்சான்.

வெள்ளிக்கிழமை மதியம் பாச்சாங்கில் சரசுவின் சித்தி வீட்டில் இறங்கினோம். கிள்ளானிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். டோல், பெட்ரோல் செலவு நாற்பது வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. சித்திக்கு விஷயம் தெரிந்ததும் எங்களுக்கு நல்ல அர்ச்சனை கிடைத்தது.

"போன்ல கூப்பிட்டா எந்த மாமன் வருவான்? தட்டு வெச்சு நேர்ல அழைக்கணும்லா" என்றார்.

குடித்த தேநீர் வயிற்றில் இறங்குவதற்குள் பாசாருக்குப் போய் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் வேட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு சுங்கை ஊடாங்குக்கு வண்டியைத் திருப்பினேன். அரை மணி நேரப் பாதை. சரசு வழியெல்லாம் பேசவில்லை. இருபது ஆண்டுக் கல்யாண வாழ்க்கையில் எனக்கு அப்படியொரு அமைதி வாய்த்ததே இல்லை, ஆனாலும் அதை அனுபவிக்க மனம் வரவில்லை.

மச்சான் வீட்டில்தான் இருந்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார், தேநீர் கொடுக்கச் சொன்னார், கவிதாவின் படிப்பை விசாரித்தார். நாளை வருவீர்களா என்று நான் கேட்டதற்கு, "பாக்கலாம் மச்சான்" என்றார். அவ்வளவுதான். காரில் ஏறியதும் சரசு அழுதாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் இருந்தோம். அந்தக் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் மாவிலைத் தோரணமும் தேசியக் கொடியும் ஒரே கயிற்றில் ஆடின. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தேசிய கீதமான நெகாராகூ பாடி முடித்த கையோடு உறுமி மேளம் ஆரம்பித்தது. ஊர்வலம் ரோட்டைக் கடக்க ஒரு மலாய்ப் போலீஸ்காரர் லாரிகளை நிறுத்திவைத்திருந்தார். எதிர்க்கடை மலாய் அம்மா, எல்லோருக்கும் மாக்சிக், வெயிலுக்கு என்று வாளி நிறைய இனிப்பு சிராப் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ பெரிய திருவிழாக்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் விரட்டாத திருவிழாவை அங்கேதான் பார்த்தேன்.

ஆற்றங்கரையில் குடங்கள் ஒவ்வொன்றாக ஏறின. கவிதா ஈரத்துணியோடு நின்றாள். சரசுவின் கண் செம்மண் பாதையை விட்டு நகரவில்லை. பூசாரி இரண்டு முறை எங்களைப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை குடத்தை எடுக்கவே குனிந்துவிட்டார். அப்போதுதான் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நாங்கள் வைத்துக் கொடுத்த மஞ்சள் வேட்டியோடு மச்சான் இறங்கினார். நேராக ஆற்றில் முங்கி எழுந்து, குடத்தைத் தூக்கி மருமகள் தலையில் வைத்தார்.

விரதம் இருந்தாரோ என்னவோ என்று சரசு மெல்ல இழுத்தாள். மச்சானோடு வண்டியில் வந்திருந்த அவர் மனைவி செல்வி சிரித்தார். "நீ போன் பண்ண அன்னிக்கே கறி மீன நிறுத்திட்டாரு சரசு. ஷிப்டயும் அன்னிக்கே மாத்தியாச்சு."

அன்னதானத்தில் அண்ணனுக்குச் சாம்பார் ஊற்றும்போது சரசு கேட்டேவிட்டாள். "அப்புறம் ஏண்ணே வரமுடியாதுன்னு சொன்ன?"

மச்சான் இலையைப் பார்த்தபடியே சொன்னார். "நான் வராம இருப்பேனா? நீ வீட்டுக்கு வரணும்னுதான். அப்பா அம்மா போனப்புறம் என் வீட்டுக்கு யாரும் வர்றதில்ல."

சரசு அண்ணன் இலையிலேயே இன்னொரு கரண்டி ஊற்றினாள். அடுத்த இலைக்காரர் சாம்பாருக்குக் காத்திருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெயிலுக்கு முன் போய்விடுங்கள், குடையும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள், காரை ரோட்டோரமே விட்டுவிடுங்கள். அன்னதானத்தைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். வடக்கிலிருந்து வருபவர்களுக்கு சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி அலோர் காஜா வழியாகப் போவதுதான் பக்கம். நாங்கள் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சுற்றிக்கொண்டு சுங்கை ஊடாங் வழியாகவே போகிறோம். ஒரு நாள் முன்னதாக, தட்டோடு.