மல்லி ரின்னுக்குள் பதினொரு துண்டுகள்

காலை பத்து இருபதுக்கு எங்கள் ஒழுங்கை முகப்பில் இராணுவ ட்ரக் ஒன்று வந்து நின்றது. நேரம் பிசகாமல் நினைவிருப்பதற்குக் காரணம், ஈயம் ஒட்டும் கோல் கரிக்குள் எத்தனை நிமிடம் கிடந்தது என்று மணிக்கூட்டைப் பார்த்து மகளுக்குச் சொல்லும் வேலை அன்று என்னுடையது.

அது எண்பத்தெட்டாம் ஆண்டு, ஊரெல்லாம் இந்திய இராணுவம் நின்ற காலம். சுன்னாகம் மின்நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வீட்டில் மின்சாரம் இல்லை. கணவருக்குக் கொழும்பில் வேலை. நான் ரீச்சராகப் படிப்பித்த பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் மூடிக் கிடந்ததால் இருபது வயது மகளும் நானும் வீட்டில் இருந்தோம். கப்பலில் றேடியோ ஒப்பரேற்றராக வேலை செய்த என் தம்பி, சிற்றலை வானொலி ஒன்றைப் பொருத்துவதற்கான உதிரிகளை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பொருத்தி முடித்தால், உலகத்தின் எங்கோ மூலைகளில் இருந்து பொழுதுபோக்குக்காக ஒருவரோடொருவர் வானொலியில் கதைப்பவர்களைக் கேட்கலாம். கேட்க மட்டும்தான். இங்கிருந்து ஒரு சொல்லும் அனுப்ப முடியாது.

"வானொலிதானம்மா, குண்டில்லை," என்பாள்.

"அதை ஆமிக்காரனுக்கு ஆர் சொல்லுறது? உனக்கு அவன்ரை பாஷை தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பிறகேன் ரெண்டு பேரும் கத்துறம்?"

சிரட்டைக்கரித் தணலில் கோலைச் சூடாக்குவாள். அதன் செப்பு நுனியைக் குங்கிலியத்தில் தொட்டால் சீறிப் புகைக்கும். பிறகு ஈயக் கம்பியையும் உதிரியின் காலையும் சேர்த்துத் தொட்டு, மூன்று எண்ணுமுன் எடுத்துவிடுவாள். ஈயம் பளபளத்தால் பிடித்துவிட்டது. மங்கினால் திரும்பச் செய்யவேண்டும். கடையில் விற்கும் பசை கிடைக்காததால்தான் குங்கிலியம். அந்தப் புகை எங்கள் வேலியைத் தாண்டிப் போகிறதா என்று நான் எட்டி எட்டிப் பார்ப்பேன்.

சப்பாத்துச் சத்தம் கேட்டதும் மகள் பாதி ஒட்டிய வானொலித் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி, அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்குக் கீழே செருகினாள். கோலை நான் சாம்பலுக்குள் புதைத்தேன். இன்னும் ஒட்டாத உதிரிகள் ஒரு கடதாசியில் பரப்பியபடி கிடந்தன. கோடு போட்ட சின்னச் சின்னத் துண்டுகள், பதினொன்று. கடதாசியை மடித்து, கைக்கெட்டிய பழைய தகரப் பிஸ்கற் ரின்னுக்குள் கவிழ்த்தேன். தூள் அரைப்பதற்காக வறுத்து ஆறவைத்த மிளகாயும் மல்லியும் அதற்குள் இருந்தன. கையால் கிளறி மூடினேன்.

இருவர் வந்தார்கள். ஒருவன் அறைகளைப் பார்த்தான். மற்றவன் மூக்கை உறிஞ்சி, புகையைக் காட்டி என்னவோ கேட்டான். மகள் சுவரில் இருந்த அம்மன் படத்தைக் காட்டினாள். அவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். போய்விட்டார்கள்.

நான் கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். திரும்பி வந்தபோது ரின்னைக் காணவில்லை.

"எங்கை பிள்ளை, ரின்?"

"பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தவா. மில்லுக்குக் குடுக்கவேணும் எண்டு நீங்கள்தானே காலமை சொன்னீங்கள். எடுத்துக் குடுத்தனான்."

உதிரிகளை எங்கே போட்டேன் என்று சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

மில்லுக்கு எதிரேதான் சென்றி, இராணுவக் காவலரண். பைகளைத் திறந்து பார்க்காமல் ஒருவரையும் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா வேலியில் பிரித்த பொட்டால் புகுந்து தோட்டங்களுக்குள்ளால் போயிருப்பார். நான் செருப்பும் போடாமல் ஒழுங்கை வழியே ஓடினேன். முகப்பில் ட்ரக் இன்னும் நின்றது. ஒருவன் துவக்கைக் குறுக்கே பிடித்து, திரும்பிப் போ என்று தலையால் காட்டினான். பின்பக்கத் தோட்டத்திலும் இப்போது இரண்டு பேர் நின்றார்கள்.

காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சென்றியில் தப்பினாலும் மில் இருந்தது. அக்கா எவர் புடைத்ததையும் நம்பமாட்டார். அரைக்கப் போடுமுன் தானே சுளகில் ஒருதரம் கொட்டிப் பார்ப்பார். வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களுக்கும் முன்னால் அந்தத் துண்டுகள் மேலே வரும். யாருடைய மல்லி என்று கேட்பார்கள். அவர் உண்மையைச் சொன்னால் பிடிபடுவது என் பிள்ளை; சொல்லாவிட்டால் அவர்.

"நான் போய்ச் சொல்லுறன், என்ரை சாமான் எண்டு," என்றாள் மகள்.

"வாயைப் பொத்து."

"அவா பாவமம்மா."

அவள் கையைப் பிடித்தபடி இருந்தேன். அவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது: அந்த ஐந்து மணித்தியாலமும், பிடிபட்டால் அக்கா எங்களைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் நேர்ந்துகொண்டேன். அவர் பிடிபடக் கூடாது என்று ஒருமுறைகூட நேரவில்லை.

நாலு மணி தாண்டி வேலி ஓலை சரசரத்தது. அக்கா உள்ளே வந்து ரின்னை வைத்தார். அரைத்த தூள். இடுப்பில் இருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து என் உள்ளங்கையில் தட்டினார். வெற்றிலைச் சருகோடு துண்டுகள் விழுந்தன.

"பதினொண்டு இருக்கு. போகேக்கை சென்றியிலை ஒருத்தன் ரின்னுக்குள்ளை கையை விட்டவன். தும்மல் வந்து போ எண்டிட்டான். எனக்கு அப்ப ஒண்டும் தெரியாது. சுளகிலை கொட்டினாப் பிறகுதான் தெரிஞ்சது; ஒருத்தரும் காணமுன்னம் பொறுக்கி வெத்திலைக்குள்ளை போட்டன். அவன் காவல் மாறிப் போகுமட்டும் மில்லுக்குப் பின்னாலை குந்தியிருந்தன். மாறி வந்தவன் ரின்னை மட்டும்தான் பாத்தவன்."

நான் அழத் தொடங்கினேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. என்னை எப்போதும் தங்கச்சி என்றே கூப்பிடுகிறவர் அவர்.

"கேட்டிருந்தால் கொண்டுபோயிருப்பன், ரீச்சர்," என்றார். "சொல்லாமல் தந்து விட்டியள். இனி உங்கடை தூளை நீங்களே கொண்டுபோங்கோ."