பெருவிரலுக்கு வந்த மோதிரம்

எனக்குப் பெண் பார்த்த காலத்தில் நான் இருந்த ஒல்லிக்கு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் இரண்டில் எது நான் என்று கேட்க வேண்டியிருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கொடியில் கிடப்பதுதான் அதிக கம்பீரமாகத் தெரியும். ஆனால் இதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. புதுக்கோட்டையில் சமஸ்தானத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தலைமுடி அடர்த்தி. ஒரு மாப்பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நிம்மதியாக இருந்தேன். ஒல்லியாக இருப்பதில் நஷ்டமும் உண்டு என்பது நிச்சயம் பேசிய அன்றுதான் உறைத்தது.

பெண் வீடு அன்னவாசலுக்குப் பக்கத்தில். மாமனாராக வரப்போகிறவர் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கடலையும் கேழ்வரகும் போடுகிற சம்சாரி. மூத்த மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அடுத்தது மகன், ஏர் பிடிக்கிறவன், என் வயசுக்காரன். கடைசி மகள்தான் எனக்குப் பேசிய பெண். யுத்தம் வந்து தங்கம் விலை ஏறிக் கிடந்த சமயம் என்பதால் நகையைப் பற்றிப் பேச இரண்டு பக்கமும் கூச்சப்பட்டார்கள். மாப்பிள்ளை மோதிரத்தை மட்டும் விட முடியாது. நிச்சயதாம்பூலத்தன்று ஊரார் முன்னால் பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளை விரலில் மோதிரம் போட வேண்டும். போட்டால் பேச்சு முடிந்தது. அந்த மோதிரத்தை யாராவது கழற்றித் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

மாமனார் சொன்னார்: "மூத்த மாப்பிள்ளைக்குப் போட்டது மூணு சுத்து நெளி மோதிரமுங்க. அதே மாதிரிதான் இவுகளுக்கும். கூட்டல் கொறைச்சல் இருக்காது. வெரல் அளவு மட்டும் குடுத்து விடுங்க."

எல்லோருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் இல்லை. அந்த மூத்த மாப்பிள்ளை, அதாவது எனக்குச் சகலையாக வரப்போகிறவர், எதிரே உட்கார்ந்திருந்தார். அன்னவாசலில் தவிடு, புண்ணாக்கு வியாபாரம். அவருடைய ஒவ்வொரு விரலும் மொந்தன் வாழைக்காய் மாதிரி இருந்தது. அந்த விரலை மூன்று சுற்றுச் சுற்றிவரும் தங்கம் எவ்வளவு, என் விரலை மூன்று சுற்றுச் சுற்றிவரும் தங்கம் எவ்வளவு? கூட்டல் குறைச்சல் இருக்காதாம்! நான் சாப்பிடாமல் விட்ட சோற்றுக்கெல்லாம் அன்று தண்டனை கிடைத்தது போல இருந்தது.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரரிடம் நியாயம் கேட்டேன். அவர் எனக்கு மூத்தவர், எந்த மனுவையும் படிக்காமலே தள்ளுபடி செய்யக்கூடியவர்.

"அதுக்கு என்னவே செய்யச் சொல்றீரு? ஒம்ம வெரலு அப்பிடி. ஆறு மாசம் தின்னுட்டு அப்புறம் அளவு குடும்" என்றார்.

"ஆறு மாசம் யாரு காத்திருக்கிறது? வெரல்னா எந்த வெரல்னு அவுக சொல்லலையே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் காகிதக் கட்டுகளைக் கட்டுகிற நூலில் ஒரு துண்டை இழுத்து, என் வலது கைப் பெருவிரலைச் சுற்றி, முடி போட்டு, வெட்டி, உறையில் வைத்து ஒட்டினேன். பெருவிரல் ஒன்றில் மட்டும்தான் சதை இருந்தது. எழுதி எழுதி வந்தது. எனக்கு அதில் துளியும் குற்ற உணர்வு இல்லை. திருடினேனா? இல்லை. பொய் சொன்னேனா? அதுவும் இல்லை. விரல் கேட்டார்கள், விரல் கொடுத்தேன். மோதிரம் வந்த பிறகு சத்தமில்லாமல் சிறிதாக்கிக்கொண்டு, மிச்சத் தங்கத்தில் சட்டைக்கு ஒரு பொத்தான் போடுவதாகத் திட்டம்.

இரண்டு வாரம் கழித்துக் கடைத்தெருவில் ஒரு பத்தர் கடை முன்னால் மழைக்கு ஒதுங்கினேன். நகை செய்கிற அந்தப் பெரியவருக்கு என்னைத் தெரியாது. அவர் முன்னால் இருந்த மரப்பலகையில் ஒரு நூல் வளையம் கிடந்தது. ஆபீஸ் நூலை எனக்குத் தெரியாதா!

"யாருக்குங்க மோதிரம்?" என்றேன், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

"அன்னவாசப் பக்கத்துச் சம்சாரி ஒருத்தரு, மாப்பிள்ளைக்குச் செய்யக் குடுத்திருக்காரு. இந்த அளவைப் பாருங்க. அம்மன் காசு உள்ள போயிட்டு உருண்டு வெளிய வந்துரும். மாப்பிள்ளை யானைப்பாகனா இருப்பாரு போல."

நான் இரண்டு கையையும் துண்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"கொண்டாந்த தங்கம் பத்தலைன்னேன். மனுசன் எந்திரிச்சுப் போனாரு. மத்தியானத்துக்கு மேல திரும்பி வந்து இதைக் குடுத்தாரு. கலியாணப் பொண்ணோட தோடாம். அந்தப் புள்ளைக்குத் தங்கம்னு இருந்ததே இது ரெண்டுதானாம். ஒண்ண உருக்கியாச்சு."

மற்றொன்று தராசுத் தட்டில் கிடந்தது. சின்னப் பூ மாதிரி, நடுவில் ஒரு சிவப்புக் கல். நான் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண் தலையை நிமிர்த்தவேயில்லை. காதுகள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. அவளிடம் நான் பார்த்திருந்ததே இந்தத் தோட்டைத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அப்போதே "நிறுத்துங்க, அந்த யானைப்பாகன் நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஒற்றைத் தோட்டை வைத்து என்ன செய்வது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வெட்கம். மழை விடுவதற்கு முன்பே இறங்கி நடந்தேன்.

நிச்சயதாம்பூலத்தன்று கரி பஸ்ஸில் போனோம். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாததால் பஸ்ஸின் பின்னால் அடுப்பு வைத்துக் கரி போட்டு ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நானும் தள்ளியதால் பாதி முகம் கரியோடு போய் இறங்கினேன். மச்சினன் தாம்பாளத்திலிருந்து மோதிரத்தை எடுத்து என் வலது கை மோதிர விரலில் போட்டான். அது விரலைத் தொடாமலே அடிவரைக்கும் போய்விட்டது. கையை மடக்கி, முருங்கைக்காயைப் பிடித்திருப்பவன் மாதிரி உட்கார்ந்தேன். சபை மெச்சியது. சகலை மட்டும் தன் மோதிரத்தைப் பார்த்தார், என் மோதிரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

முருங்கைக்காயைப் பிடித்தபடி கும்பிடலாம், வெற்றிலை வாங்கலாம். சோறு சாப்பிட முடியாது. ரசத்திலும் மோரிலும் விரல் நன்றாக வழுக்க ஆரம்பித்ததை உணராமல் ருசித்துச் சாப்பிட்டு, இலையை மடித்து வைத்து எழுந்து, கை கழுவும்போது பார்த்தேன். கை மிகவும் லேசாக இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் ஓடினேன். பந்தி இலைகளை அள்ளிக் கொட்டியாயிற்று. குவியலுக்கு முன்னால் அந்த வீட்டுப் பசு நிதானமாக நின்று இலை இலையாக மென்றுகொண்டிருந்தது. நான் கரை வேட்டியோடு எச்சில் இலைக்குள் குனிந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன சகலை, பந்தியில வயிறு நெறையலையா?"

சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பசுவின் தாடையை அக்கறையோடு பார்த்தார். "அது உள்ள போயிருந்தா பயப்படாதீக தம்பி. ரெண்டு நாள்ல சாணியில வந்துரும். இங்கிட்டுத் தங்கி, ஒரு கூடையோட பின்னாடியே போங்க."

அதற்குள் மாமனார் வந்துவிட்டார், மச்சினன் வந்துவிட்டான், என் ஆத்தா வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். மச்சினன் குனிந்து குவியலைக் கிளற ஆரம்பித்தான். மாமனார் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மோதிரம் விழுந்ததென்றால் கெட்ட சகுனம் என்பார்கள். ஆனால் எனக்கு அந்தக் குவியலில் கிடந்தது மோதிரமாகவே தோன்றவில்லை. ஒரு ஜோடித் தோடு கிடந்தது.

அப்போது அடுப்படியிலிருந்து அவளே வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பசுவைக் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி அங்கிட்டு விரட்டினாள். அண்ணனிடம் சொன்னாள்: "எல்லா எலையவும் ஏண்ணே கிளறுற? பாகற்காயத் தொடாத எலையா பாரு. அவுக மட்டுந்தான் பாகற்காயத் தொடல."

மூன்றாவது இலையிலேயே இருந்தது. குனிந்து எடுத்தவளும் அவள்தான். குனிந்தபோது காது தெரிந்தது. தோட்டுக்குப் பதிலாகத் துளையில் துண்டு துண்டாக ஈர்க்குச்சி செருகியிருந்தாள், துளை தூர்ந்துவிடாமல் இருக்க. அன்று காலையிலிருந்து முந்தானையால் அதை மூடிக்கொண்டே இருந்திருக்கிறாள்; இப்போது வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள்.

மோதிரத்தைக் கழுவி அண்ணன் கையில் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"போட்டு விடுண்ணே. பெருவெரல்ல."

அவன் போட்டான். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அளவெடுத்துத்தானே செய்தது! பசுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது போல இருந்தது. மாமனார் என் பெருவிரலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வாங்க மாப்பிள்ளை, தாம்பூலம் போடலாம்." திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போதும் பஸ்ஸைத் தள்ளினேன். "பெருவெரல்ல மோதிரம் போட்டுக்கிட்டு பஸ்ஸத் தள்ளுன மாப்பிள்ளை இந்தச் சமஸ்தானத்துலேயே நீ ஒருத்தன்தான்டா. நல்லாத் தள்ளு" என்றாள் ஆத்தா.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே பத்தர் வாசலில் நின்றேன். மோதிரத்தைக் கழற்றிப் பலகையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என் கையை இழுத்துப் பார்த்தார்.

"யானைப்பாகன் நீங்கதானா?"

"நான்தானுங்க. இதை உருக்கி அந்தத் தோட்டையே திரும்பச் செய்யணும். அதே பூ, அதே செவப்புக் கல்லு."

கல்லைப் பத்திரமாக வைத்திருந்தார். ஒரே தங்கத்தை இரண்டு முறை உருக்கிய சேதாரமும் இரட்டைக் கூலியும் சேர்ந்து, கல்யாணப் போட்டோவுக்காகக் கைக்கடிகாரம் வாங்க நான் சேர்த்து வைத்திருந்ததை முழுங்கிவிட்டன. நெளி மோதிரத்துக்கு மாமனார் முதலில் கொடுத்திருந்த கொஞ்சம் பழைய தங்கம் மிஞ்சியது. தோடு தயாரானதும் அதோடு சேர்த்து ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன். பொத்தான் ஞாபகத்துக்கு வந்தது. உடனே அதை மறந்தேன்.

நான் ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அன்னவாசலில் இறங்கினேன். ஒன்றை யோசிக்கவில்லை. நிச்சயமான மாப்பிள்ளை, தனியாக, சொல்லாமல், விரலில் மோதிரம் இல்லாமல், கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்?

மாமனார் என் கையைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. உள்ளே மாமியார் அழ ஆரம்பித்துவிட்டாள். மச்சினன் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஏதோ வேலையாக வந்திருந்த சகலை எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்றால் உண்மையாகவே அடைத்துக்கொள்ளும்.

"மோதிரத்தைத் திருப்பவா வந்தீக?" என்றான் மச்சினன்.

"இல்ல... ஆமா... அதாவது, மோதிரம் இல்ல" என்றேன். ஆபீஸில் மணி மணியாக எழுதுகிறவன் பேசிய பேச்சு இது. பொட்டலத்தைப் பிரித்துத் தோட்டையும் மிச்சத் தங்கத்தையும் காட்டிவிட்டு, நூல், பெருவிரல், சகலையின் வாழைக்காய் விரல், சட்டைப் பொத்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சகலை வாசலில் நின்றபடியே தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எம்மேல இம்புட்டுப் பொறாமையா தம்பி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தவிடாவது குடுத்து ஒங்களத் தேத்தியிருப்பேனே."

முதலில் சிரித்தது மாமனார்தான். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு மிச்சத் தங்கத்தை என் பக்கம் தள்ளினார். "இதுல ஒரு மோதிரம் செஞ்சுக்கங்க மாப்பிள்ளை. கலியாணத்தன்னைக்கு வெறும் வெரலா இருக்கக் கூடாது."

"ஒரு சுத்துக்குத்தான் வருமுங்க" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "ஒரு சுத்து போதும்னு சொல்லுங்கப்பா. அளவு மட்டும் அவுக எடுக்க வேணாம்."

கொஞ்ச நேரத்தில் ஒரு புது நூல் துண்டோடு மச்சினன் வந்து, என் கையைப் பிடித்து விரித்து, மோதிர விரல் எது என்று தன் மடியில் வைத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து அளந்துகொண்டு போனான். கதவிடுக்கில் ஈர்க்குச்சி இல்லாத ஒரு காது தெரிந்தது. சிவப்புக் கல் பழைய இடத்திலேயே இருந்தது.

என் பெருவிரல் நூலைப் பத்தர் மோதிரத்தோடு சேர்த்து மாமனாரிடமே கொடுத்திருக்கிறார். அதை என் மனைவி இன்றைக்கும் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறாள். கடைக்குப் போய்ப் பத்துக் கெஜம் துணி போதும், ஒரு மூட்டை அரிசி தாங்கும் என்று நான் எதற்காவது அளவு சொன்னால் மறுத்துப் பேச மாட்டாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறப்பாள்.