நனையாத கூடாரம்

1944-இல் பிரிக்பீல்ட்ஸில் யூனுஸ் மரைக்காயரின் துணிக்கடையில் இல்லாத ஒரே பொருள் துணி. மற்றதெல்லாம் இருந்தது: கண்ணாடி அலமாரி, கெஜக்கோல், கத்தரிக்கோல், ‘தொட்டுப் பார்க்காதீர்’ என்ற பலகை. ஜப்பானியர் வந்தபின் புதுத் துணி வருவது நின்று, ஊரே கோணியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தது. தொண்டியிலிருந்து கப்பலேறி வந்த நாள்முதல் துணி தவிர வேறெதையும் அளந்து பழகாத மரைக்காயர், தினமும் கடையைத் திறந்து, காலி அலமாரிகளைத் தூசி தட்டிவிட்டுப் பூட்டினார். வியாபாரத்தை அவர் கைவிடவில்லை. சரக்குதான் அவரைக் கைவிட்டிருந்தது.

மிச்சமிருந்த ஊசியையும் நூல்கண்டையும் ஜெஞ்சாரோம் பக்கத்துக் கம்பங்கள் எனும் கிராமங்களில் கொடுத்து மரவள்ளிக் கிழங்கு வாங்கி வருவதே பிழைப்பு. சைக்கிளுக்கு டயர் கிடையாது, நடைதான். வழியில் ரப்பர் தோட்டத்தில் படுக்கை. மழை வந்தால் நனைய வேண்டியது. அவருக்கு இழுப்பு நோய் வேறு. போன தடவை நனைந்து வந்து மூச்சுக்குத் தவித்தபோது, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அவர் மனைவி பரீதாவிடம், “இன்னொரு தரம் நனைஞ்சா தாங்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“படுக்க ஒரு கூடாரம் வாங்குங்க. இல்லாட்டி கிழங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்,” என்றார் பரீதா.

வெள்ளைக்காரப் பட்டாளம் ஓடும்போது போட்டுவிட்டுப் போனதையெல்லாம் கிள்ளான் பாசாருக்குப் பின்னால் சபாபதி என்பவர் விற்றுக்கொண்டிருந்தார். நாட்டைக் காப்பாற்ற வந்தவர்கள் விட்டுச் சென்றதில் கூடாரங்கள்தான் உருப்படியானவை. மூன்றை விரித்தார். முதலாவதில் கல்யாணம் நடத்தலாம். தூக்கத்தான் மாட்டுவண்டி வேண்டும். இரண்டாவது இலேசானது, உள்ளே படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம். மூன்றாவது ஒரு சிப்பாய் படுக்கும் சின்னக் கூடாரம். சுருட்டினால் தலையணை அளவு. அதுவரை மடிப்புகூடக் கலையாதது.

மரைக்காயர் அதன் ஓரத்தைத் தடவினார். இழையை வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார்.

“பாய், உள்ள படுத்துப் பாருங்க. கால் நீட்ட இடம் இருக்கான்னு பாக்கணும்ல.”

“கால மடக்கிக்கலாம். நெசவப் பாரு, எவ்வளவு நெருக்கம். இப்படிச் சரக்கத் தொட்டு எத்தனை நாளாச்சு.”

“தண்ணி ஊத்திக் காட்டவா? சொட்டு எறங்காது லா.”

மரைக்காயர் கூடாரத்தை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். “புதுத் துணிமேல தண்ணியா? நீயெல்லாம் வியாபாரம் பண்ண வந்துட்ட.”

விலையாகக் கடையிலிருந்து சுமந்து வந்த சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்தார். டோக்கியோ நேரம் காட்டும்படி உத்தரவானதிலிருந்து அதற்கும் சூரியனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த நடையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மரைக்காயர் கூடாரத்தை வெளியே எடுத்தார், விரிக்கவில்லை. வாழையிலையில் சுற்றி, கோணியில் திணித்து, அதன்மேல் தாமே கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் பட்ட துணி பழைய துணி என்பது துணிக்கடைச் சட்டம். அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. ஆகவே மழையிலிருந்து தம்மைக் காக்க வாங்கிய கூடாரத்தை அவர் மழையிலிருந்து காத்தார். குறை சொல்ல முடியாதபடி காத்தார்.

வீட்டு வாசலுக்கு அவர் வருமுன்பே இழுப்புச் சத்தம் உள்ளே வந்தது. பரீதா கூடாரத்தைத் தொட்டார், மொடமொடவென்றிருந்தது. கணவரைத் தொட்டார், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“விரிக்கலையா?”

“மழை பெய்யுதே, எப்படி விரிக்கிறது?”

“மழைக்குத்தானே வாங்கினீங்க.”

“நாளைக்கு நல்ல காலம் வந்து யாராச்சும் கடைக்கு வந்தா,” அவர் மூச்சை இழுத்தார், “எடுத்துக் காட்ட ஒரு சரக்காச்சும் வேணாமா?”

பரீதா அடுப்பில் வெந்நீர் வைத்தார். ஆவி பிடித்தும் தைலம் தேய்த்தும், மூச்சு திரும்புமா என்று தெரியாமலே நாட்கள் போயின. திரும்பியது. எழுந்து உட்கார்ந்தவர் முதலில் கூடாரத்தைத் தேடினார். அது குழாயடித் தொட்டியில் மூழ்கிக் கிடந்தது. பரீதா அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

“அடியே, நனையுதுடி.”

“நனைஞ்சாச்சு. பழசாயிடுச்சு. இனி இத ஒருத்தனும் வாங்க மாட்டான். நீங்க படுக்கலாம்.”

கொடியில் அது காயும்வரை மரைக்காயர் அதன் சுருக்கங்களை நீவிக்கொண்டே இருந்தார். மறுநடையில் மழைக்குள் அதை விரித்துப் படுத்தார். மூச்சு சீராக, கிழங்கு மூட்டையோடு வீடு வந்து சேர்ந்தார். பரீதா அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. மார்பும் காய்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழேதான் ஈரம்.

“சரக்கு நல்ல சரக்கு,” என்றார் மரைக்காயர். “அரை கெஜம் கம்மி.”